காடிக்கும் ஆவி பிடிக்கலாம்

தைப்பூசம் முடிந்த கையோடு நேயர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "தங்கச்சி, பால்குடம் காடிக்குள்ள சாஞ்சிருச்சு. மூணு நாளா புளிச்ச வாடை. என்ன செய்யலாம்?" இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ஸ்டீம் கிளீனர் வாங்கினா போயிருமா?"

நேரே ஆவியை அடித்தால் போகாது. இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முட்டை சூட்டில் உறைவது போலத்தான் பாலில் உள்ள புரதமும் சூடு பட்டதும் துணி நூலோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பால் போன பிறகுதான் ஆவிக்கு வேலை. முட்டை, இரத்தம், குழந்தை வாந்தி எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

எங்கள் லுக்குட் பக்கம் காடியின் உள்புறம் படும் பாடு தனி. சனிக்கிழமை தெலுக் கெமாங் மணலும் ஈரத் துண்டும் பின் இருக்கையில் ஏறும். டுரியான் பருவத்தில் பூட்டைத் திறந்தாலே தெருவுக்கே தெரியும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் கால் விரிப்பில் படிந்திருக்கும். இதற்கெல்லாம் மேலே, வருடம் முழுக்க வெயிலும் ஈரக் காற்றும். ஷாம்பு போட்டுக் கழுவிய இருக்கை இங்கே எளிதில் காய்வதில்லை. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும். ஒரு வாரத்தில் பூஞ்சண வாடை வந்துவிடும்.

ஆவியின் நன்மை இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும். அதாவது, ஒரு காடியின் உள்புறம் முழுவதையும் துடைத்து எடுக்க ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரே போதும். இருக்கை ஊறாது. சோப்பு தேவைப்படுவதும் குறைவு.

செம்பனை ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. ஆலைக்கு வரும் பழக் குலைகளை முதலில் ஆவியில்தான் வேக வைப்பார்கள். ஏறக்குறைய 3 பார் அழுத்தம், 140 டிகிரி சூடு, ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாய்லர் பார்த்த என் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையா தெரியுதே, அது ஆறிப்போன தண்ணி." ஸ்டீம் கிளீனரின் மூக்கைக் கவனித்துப் பாருங்கள். முனைக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே வெறுமையாக ஒரு சிறு இடைவெளி இருக்கும். கையைச் சுடுவது அந்த இடம்தான். வெள்ளைப் புகையை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அதனால் ஆவி அடிக்கும்போது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எதை வாங்குவது?

கடையில் மூன்று விதம் உண்டு. முதலாவது, கையில் பிடிக்கும் சிறிய வகை. நூறு சொச்சம் ரிங்கிட்டிலிருந்து கிடைக்கிறது. தண்ணீர் கால் லிட்டர் அளவே பிடிக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கோப்பை வைக்கும் குழி, கியர் ஓரம், ஒரு சின்னக் கறை என்றால் இது போதும். ஐந்து இருக்கையையும் சுத்தம் செய்ய நினைத்தால் பாதியில் கை ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, சக்கரம் வைத்த பெட்டி வகை. 1,500 வாட்டிலிருந்து 2,000 வாட் வரை, ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர், 3 முதல் 4 பார் அழுத்தம். குடும்பத்துக்கு இதுதான் பொருத்தம். சமையலறை ஓடு, குளியலறை இடுக்கு, மெத்தை என்று வீட்டுக்கும் உதவும். மூன்றாவது, கார் கழுவும் கடைகளில் பார்க்கும் பெரிய இயந்திரம். தொழில் செய்பவருக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும்.

விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பார் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். சிலர் பம்பின் அழுத்தத்தை எழுதியிருப்பார்கள். பாய்லருக்குள் எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்து, நடுவில் தண்ணீர் தீர்ந்தால் உடனே ஊற்றலாமா, ஆறும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். பல பெட்டிகளில் அழுத்தம் இறங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் முகத்தில் அடிக்கும். அழுத்தம் இருக்கும்போது திறக்கவே விடாத பூட்டு உள்ள மூடியா என்று பார்த்து வாங்குங்கள். குழாய் குறைந்தது இரண்டு மீட்டர் இருந்தால்தான் பெட்டியை வெளியே வைத்துவிட்டு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை எட்டும். பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுக்குமாடியில் இருக்கும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி: "காடியின் லைட்டர் துளையிலேயே சொருகலாமா?" கூடாது. 1,500 வாட் இயந்திரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுக்க வேண்டியது 125 ஆம்பியர். அந்தத் துளை பெரும்பாலும் 10 ஆம்பியருக்குத்தான் தாங்கும். வீட்டிலிருந்து நீட்டிப்பு வயர் இழுப்பதானால், சுருளை முழுக்க விரித்துவிடுங்கள். சுருட்டியபடியே விட்டால் வயர் சூடேறி உருகும். பிளக் இணைப்பு ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் வெக்கூம். மணலின் மேல் ஆவி அடித்தால் சேறுதான் மிஞ்சும். இருக்கை மடிப்பு, தண்டவாளம், கால் விரிப்பின் அடி எல்லாம் உறிஞ்சிய பிறகே அடுத்த வேலை. நான்கு கதவையும் திறந்து வையுங்கள்.

இயந்திரம் சூடானதும் முதல் பீய்ச்சலை வெளியே தரையில் விடுங்கள். தொடக்கத்தில் குழாயில் தங்கிய தண்ணீர்தான் வரும். அது இருக்கையில் விழ வேண்டாம். பிறகு தூரிகை முனையில் மைக்ரோஃபைபர் துணியைக் கட்டி, ஒரு கை அகலம் ஒரு கை அகலமாக நகருங்கள். அழுக்கு ஆவியில் மறைந்து போவதில்லை. அது இளகும், அவ்வளவுதான். அடுத்த நொடியே காய்ந்த துணியால் துடைத்தால்தான் அழுக்கு துணிக்கு வரும். துணியைத் திருப்பித் திருப்பிப் பிடியுங்கள். பத்துத் துணியாவது பக்கத்தில் இருக்கட்டும். புதிய பொருள் எதிலும், கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

ஆவி படக் கூடாத இடங்களும் உண்டு. திரை, மீட்டர், ஸ்டார்ட் பொத்தான், சன்னல் பொத்தான்கள் ஆகியவற்றுக்கு நேரே அடிக்கக் கூடாது. துணியில் ஆவி பிடித்து, அந்தத் துணியால் துடையுங்கள். கூரைத் துணி பசையில்தான் நிற்கிறது. சூடு பட்டால் பசை விட்டுத் தொங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டிய டின்ட் ஓரமும் அப்படித்தான். தோல் இருக்கைக்கும் துணி வழியாக மட்டும், அதிக நேரம் நிற்காமல். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சீட்டு தைத்திருந்தால் அங்கே முனையை அழுத்தி வைக்காதீர்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் வயர். அதைத் தொடவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம்.

கறைக்குக் கறை வைத்தியம் மாறும். குழந்தை தேய்த்த கிரேயான் மெழுகு ஆவியில் உருகித் துணிக்கு வந்துவிடும். கறி எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பிறகு ஆவி. மஞ்சள் கறை மட்டும் ஆவிக்கு மசியாது. வெயிலுக்கு மசியும். எண்ணெயை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வெயில் படும்படி சில நாள் நிறுத்தி வையுங்கள். அந்த மஞ்சள் நிறம் தானே வெளுக்கும்.

முடிந்ததும் உலர்த்துவதுதான் பாதி வேலை. காற்றாடி வைத்தோ, கதவைத் திறந்து போட்டோ, அன்று மாலைக்குள் முழுக்கக் காய வேண்டும். காலையில் தொடங்குங்கள். மழை இருட்டும் நாளில் வேண்டாம்.

வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால், வாசனைத் திரவம் தெளிக்காமல் சுத்தம் செய்ய முடிவது பெரிய ஆறுதல்தான். ஆனால் "99.9 விழுக்காடு கிருமி சாகும்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டிக்குள் 140 டிகிரி இருந்தாலும் வெளியே வந்ததும் நூறுக்குப் பக்கம்தான். ஒரு சாண் தள்ளிப் போனால் இன்னும் இறங்கும். வேகமாக இழுத்துக்கொண்டு போனால் துணியின் மேல்தோல்கூடச் சரியாகச் சூடாகாது. ஏர்கோன் வடிகட்டியில் பூஞ்சணம் இருந்தால் இருக்கைக்கு எத்தனை முறை ஆவி காட்டினாலும் பிள்ளை இருமத்தான் செய்வான். முதலில் வடிகட்டியை மாற்றுங்கள்.

வாடையை எடு என்றால்...

எங்கள் தாமானில் ஒரு தம்பி இருக்கிறான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காடி சுத்தம் செய்கிறான். ஒருநாள் பழைய கார் விற்கும் ஒருவர், உள்ளே வாடை வரும் ஒரு காடியைக் காட்டி, "நாளைக்குள் வாடை போகணும்" என்றாராம். இவன் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். அடியில் காய்ந்த சேறு. இருக்கைத் தண்டவாளத் திருகாணியில் துரு.

"வெள்ளத்துல கிடந்த காடிக்கா. நான் வாடையை எடுத்துக் குடுத்தா, யாரோ ஒரு புள்ள முதல் சம்பளத்துல லோன் போட்டு அதை வாங்கும்" என்றான். காசு நல்ல காசு. அவன் வேண்டாம் என்று வந்துவிட்டான்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் காடிகள் முழுகிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ள நீர் இருக்கைக்கு மேல் ஏறினால் அது சுத்தம் செய்கிற விஷயமே அல்ல. வயர், ஏர்பேக் கருவி, பிரேக் கணினி எல்லாவற்றிலும் ஈரம் ஏறியிருக்கும். ஆவி இதில் ஒன்றையும் சரிசெய்யாது. வாடையை மட்டும் மறைக்கும்.

அதனால் முதல் காடியை இரண்டாம் கையில் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே ஏறியதும் வாசனை அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியில் மண் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைத் திறந்து பாருங்கள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஊரில் வேறு காடி இல்லாமல் போகாது.