புண்ணின்மேல் நிற்கும் பாரம்

நம் உறவினருள் முதியவர் ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோயோடு வாழ்ந்தவர். அவருடைய வலப் பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, காசளவில் ஒரு புண் தோன்றியது. வலி இல்லை, ஆதலால் கவலையும் இல்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினர். விலையுயர்ந்த களிம்புகள் வந்தன. மேலான கட்டுத்துணிகள் வந்தன. புண் ஆறுவதும் மீண்டும் வாய் திறப்பதுமாக ஏழு திங்கள் கழிந்தன. முடிவில் முன்பாதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் இடையே, அந்தக் காலாலேயே அவர் நாள்தோறும் ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்து சென்று வந்தார்.

புதிய மருத்துவ முறைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. புண்ணை மூடி, அதன்மேல் உறிஞ்சு விசையைச் செலுத்தி, கசிவை நீக்கிப் புதுச்சதை வளரத் துணைபுரியும் முறை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்களால் விரிவாக வெளியிடப்பட்டது. அறுவைக்குப் பிந்தைய பெரும் புண்களுக்கு இன்று அது நல்ல துணை. வளர்ச்சிக் காரணி கலந்த களிம்புக்கு அதே ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பு கிடைத்தது. 2000இல் அங்கே நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு ஏற்கப்பட்ட செயற்கைத் தோல் ஒன்றின் மூலப்பொருளை அறிந்தால் நம்மவர் வியப்பர். பச்சிளம் ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்துச் செய்கையில் நீக்கப்படும் தோலின் உயிரணுக்களை வளர்த்தே அது உருவாக்கப்படுகிறது! அழுத்தம் மிகுந்த அறையில் நோயாளியை அமர்த்தி உயிர்வளி ஊட்டும் முறையும் உண்டு. அதன் பயனைப் பற்றி ஆய்வுகள் ஒருமித்த முடிவு கூறவில்லை.

ஆயினும், உடலின் பாரம் முழுவதும் புண்ணின்மேல் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இறங்கிக்கொண்டிருக்குமானால் இவற்றுள் எதுதான் என்ன செய்யும்?

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று பலரும் நம்பினர். துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டதை பிராண்டு கண்டார். சிறுவனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனோ அதை உணரவேயில்லை. வலி என்னும் காவலன் இல்லாமையே உறுப்பிழப்புக்குக் காரணம் என்ற தெளிவு இத்தகைய காட்சிகளிலிருந்தே பிறந்தது. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவால் நரம்புணர்வு இழந்த பாதமும் தொழுநோயாளரின் பாதமும் ஒரே வகையில்தான் சிதைகின்றன என்று அறிந்து, தொழுநோய்ப் புண்களுக்கு முன்பே பயன்பட்டு வந்த மாவுக்கட்டை நீரிழிவு நோயாளருக்கும் இட்டார்.

பாதத்தையும் கணைக்காலையும் ஒட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை இடப்படும் கட்டு அது. பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். புண் ஓய்வு பெறும். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இக்கட்டு இட்டவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர்க்குப் பன்னிரண்டு வாரங்களில் புண் ஆறியது. கழற்றி மாட்டும் காப்புக் காலணி அணிந்தவர்களுள் ஆறியது 65 விழுக்காட்டினர்க்கே. காரணம் எளிது. கழற்றக்கூடியதை மனிதர் கழற்றிவிடுவர். 2003இல் அளந்து பார்த்தபோது, நோயாளர் நடந்த நடையில் 28 விழுக்காடு மட்டுமே அக்காலணியோடு நிகழ்ந்திருந்தது. பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும், நரம்புணர்வு இழந்த உள்ளங்காலில் தோன்றும் புண்ணுக்குக் கழற்ற இயலாத காப்பையே முதலில் பரிந்துரைக்கின்றன. கடும் சீழோ இரத்த ஓட்டக் குறைவோ உள்ள பாதத்திற்கு இது பொருந்தாது. இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் இரத்தக் குழாயைச் சீர்செய்வதே முதற்பணி. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் உறவினரிடமும் மருத்துவர் மாவுக்கட்டைப் பற்றி ஒருமுறை கூறினார். "உளூ எப்படிச் செய்வது?" என்று அவர் கேட்டார். மருத்துவர்க்கு விடை தெரியவில்லை. உடனிருந்த நமக்கும் தெரியவில்லை. பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

விடை ஃபிக்ஹு நூல்களில் உள்ளது. காயக் கட்டின்மேல் ஈரக்கையால் தடவும் மஸ்ஹு என்னும் சலுகையை அவை பேசுகின்றன. தயம்மும் சேர்க்க வேண்டுமா என்பன போன்ற நுணுக்கங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு; ஊர் ஆலிமைக் கேட்டால் சொல்லிவிடுவார். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பதோ சிறுவரும் அறிந்தது. சலுகையை ஏற்பது பலவீனம் என்று நம் பெரியவர்கள் ஏன் எண்ணுகிறார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

ஜமாஅத்தார் மருத்துவர் ஒருவரையும் ஆலிம் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, இந்த ஒரு கேள்விக்கு ஊரறிய விடை சொல்லச் செய்ய வேண்டும் என்பது நம் வேண்டுகோள். கட்டணம் இல்லை, கருவி தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும். நம் கல்லூரி அரங்கில் அதற்கு இடமுண்டு.