ராஜா போனார், பிரதிநிதி போகவில்லை

திருப்பூரில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு. அதன் பெயர் சனிக்கிழமை. மற்ற ஆறு நாட்களும் அந்த நாளுக்குப் போய்ச் சேருகிற வழிகள். அன்று சாயங்காலம் கம்பெனி வாசல்களில் சம்பளக் கவர் கைமாறும். மளிகைக்கடைக்காரர் முதல் பூக்காரி வரை அந்தக் கவருக்காகக் காத்திருப்பார்கள். சில காலமாக அதற்காகக் காத்திருக்கும் இன்னொருவன் சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டான். கைப்பேசியில் ஆடும் சீட்டாட்டத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் ஓவர்லாக் டெய்லர். கை சுத்தம், வேலையில் வேகம், குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை இரவில் கழிவறைக்குள் போனால், வாரச் சம்பளத்தை முழுசாகத் தோற்றுவிட்டுத்தான் வெளியே வருவான். 2022-ஆம் வருஷக் கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, நீங்க பேப்பரெல்லாம் படிக்கிறவிய. அந்தச் சீட்டாட்டத்தெ நிறுத்தறதுக்குச் சட்டம் போட்டாச்சுன்னு டி.வி.யில சொன்னாங்களே, அது எங்கீங்க நிக்குது?"

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான், வக்கீல் இல்லை. என்றாலும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பது எனக்கு அவமானம். விசாரித்தேன். அந்தச் சட்டம் கிண்டியில் ஒரு மேஜை மேல் நின்றுகொண்டிருந்தது.

தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபர் முதல் தேதி, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான அவசரச் சட்டத்துக்குக் கவர்னர் ஒப்புதல் தந்தார். அக்டோபர் 19-இல் அதையே மசோதாவாகச் சட்டசபை நிறைவேற்றி அவருக்கு அனுப்பியது. மசோதாவில் கையெழுத்து விழவில்லை. நவம்பர் 27-இல் அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. 2023 மார்ச் மாதம், இதைச் செய்யச் சபைக்கு அதிகாரமில்லை என்று மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23-இல் சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 7-இல் கையெழுத்தாயிற்று.

அவசரச் சட்டம் செத்த நாளுக்கும் அசல் சட்டம் பிறந்த நாளுக்கும் நடுவே 18 சனிக்கிழமைகள். சட்டசபைக்கு அது ஒரு தாமதம். என் தெருவுக்கு அது பதினெட்டு சம்பளக் கவர்கள்.

கையெழுத்து விழுந்தவுடன் சூதாட்டம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. சட்டம் போட்டு ஒழிந்த தீமைகள் இந்த நாட்டில் கொஞ்சம்தான். என் கேள்வி வேறு. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபை ஒரு காரியத்தைச் செய்தபின், ஒருவரும் ஓட்டுப் போடாத ஒருவர் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளலாமா? அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது?

அன்று அங்கே இருந்தவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஆள் வருவார், போவார். வழக்கு நாற்காலியின் பேரில்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆர்டர் முடிந்து, துணி வெட்டி, தைத்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பெட்டி கட்டிவிட்டோம். வெளிநாட்டுப் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறார். அவர் செய்யக்கூடியவை மூன்று. பாஸ் போடலாம். ஓட்டை, சாயக்கறை, தையல் விட்டது என்று குறையை எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். இல்லையென்றால், 'இதை நான் முடிவு செய்ய முடியாது' என்று பையருக்கே எழுதிக் கேட்கலாம். எதைச் செய்தாலும் கப்பல் தேதிக்குள் செய்தாக வேண்டும். பெட்டிகளைத் தம் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஆறு மாதம் சொல்லும் ஆளைத் திருப்பூர் பார்த்ததில்லை. பார்த்தால் காதர்பேட்டையே சிரிக்கும்.

அரசியல் சட்டத்தின் 200-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் சொல்கிறது. ஒப்புதல் தரலாம், குறை சொல்லித் திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். திருப்புவதானால் கூடிய விரைவில் திருப்ப வேண்டும். திருப்பியதைச் சபை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. பூட்டி வைப்பது என்று நாலாவது வழி அந்த ஏட்டில் இல்லை.

பிறகு அது எப்படிப் புகுந்தது? பழைய வாசனை என்றுதான் சொல்ல வேண்டும். கவர்னர் என்பவர் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக இங்கே வந்தவர். 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் அவருக்கு 'தம் விருப்பப்படி' என்று ஒரு வாளைக் கொடுத்தது. 1937 தேர்தலில் சென்னை ராஜதானியில் காங்கிரஸ் ஜெயித்தது. ஜெயித்தும் மந்திரிசபை அமைக்க மறுத்தது. 'கவர்னர் தம் விசேஷ அதிகாரங்களால் குறுக்கிட மாட்டார் என்று வாக்குறுதி வேண்டும்' என்றார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஓர் இடைக்கால மந்திரிசபை ஒப்புக்கு நடந்தது. வைஸ்ராய் இறங்கி வந்து சமாதானம் சொன்ன பிறகே, ஜூலையில் ராஜாஜி பதவி ஏற்றார். 1939-இல், நம்மைக் கேட்காமல் நம்மை யுத்தத்தில் சேர்த்ததற்காக அந்த மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. 1946 வரை சென்னையில் கவர்னரின் ஆட்சிதான்.

இந்தச் சூடு ஆறுவதற்கு முன் எழுதப்பட்டது நம் அரசியல் சட்டம். எழுதியவர்கள் மறதிக்காரர்கள் அல்லர். மசோதா விஷயத்தில் 'தம் விருப்பப்படி' என்ற பழைய சொற்களை 1949-இல் எடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் செய்தார்கள். முதலில், கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுப்பது என்று யோசனை இருந்தது. ஓட்டு வாங்கி வந்த கவர்னரும் ஓட்டு வாங்கி வந்த முதல் மந்திரியும் முட்டிக்கொள்வார்களே என்று பயந்து, அதே 1949-இல் அதை மாற்றி நியமனம் ஆக்கினார்கள். கவனியுங்கள்: அவருக்கு ஓட்டு பலம் கொடுக்காததே, அவர் மந்திரிசபைக்குப் போட்டியாக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். போட்டி போடாமலிருப்பதற்காக நியமிக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டதையே பலமாகக் கொண்டு போட்டி போடுவது என்ன நியாயம்?

விதி செய்த வேடிக்கை ஒன்று உண்டு. கவர்னரின் அதிகாரத்துக்கு வாக்குறுதி கேட்ட கட்சியின் ராஜாஜியே, 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை, மன்னர் ஆறாம் ஜார்ஜின் பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல் பதவியில் இருந்தார். அந்தப் பதவியின் கடைசி மனிதர் அவரே. 1952-இல் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152தான் கிடைத்தது. எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். குடியரசு பிறந்து இரண்டு வருஷம் மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. கவர்னர் மாளிகைக் கதவு கட்சிக் காரியத்துக்குத் திறக்கப் பழகிவிட்டது.

இன்னமும் மன்னரை வைத்திருக்கிற தேசங்களைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. பிரிட்டனில் பார்லிமெண்டு நிறைவேற்றிய மசோதாவுக்கு அரச ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708-இல், ஆன் ராணி காலத்தில். கனடாவில் ஒரு மாகாணத்து லெப்டினென்ட் கவர்னர் மசோதாவை மேலிடத்துக்கென்று நிறுத்தி வைத்தது கடைசியாக 1961-இல், சஸ்காட்செவனில். ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர், பிரதம மந்திரி விட்லமை டிஸ்மிஸ் செய்தார். அரை நூற்றாண்டாகியும் அந்தத் தேசம் அதை மறக்கவில்லை. அங்கே அபூர்வமான விபத்து. மன்னரைத் துரத்திவிட்டுக் குடியரசான இங்கே அது தினசரிச் சமையல்.

"சட்டசபை கண்மூடித்தனமாகச் சட்டம் செய்தால்? தடுக்க ஒருவர் வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சபைகள் தப்புச் செய்வதுண்டு. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அதே சூதாட்டச் சட்டத்தையே பாருங்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, 'ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள். அவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது' என்று தீர்ப்புச் சொல்லியது. என் தெருவுக்கு அந்தத் தீர்ப்பு கசப்புத்தான். ஆனாலும் அது பட்டப்பகலில், இரு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதிச் சொன்ன தீர்ப்பு. மேலே போய் வாதாட இடமுண்டு. மேஜை டிராயருக்கு அப்பீல் ஏது? 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்காரே பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடுத்துச் சட்டம் செய்தது. அப்படியானால் அந்தப் பெண் 2022-இல் கேட்டது அப்படியொன்றும் கண்மூடித்தனம் இல்லையே!

சூதாட்டத்தோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்ச் சிக்கண்ணா கல்லூரியும் எல்.ஆர்.ஜி. பெண்கள் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. அதன் துணைவேந்தர் நாற்காலி 2022 அக்டோபரில் காலியாயிற்று. தேடுதல் குழுவில் யார் இருப்பது என்று கவர்னருக்கும் சர்க்காருக்கும் தகராறு. வருஷக்கணக்கில் நாற்காலி காலி. பனியன் கம்பெனியில் பெற்றோர் இரவு ஷிப்டு பார்த்துப் படிக்க வைத்த பிள்ளைகளின் பல்கலைக்கழகம் அது.

நம் கட்சிகளையும் விட்டுவிட முடியாது. கவர்னர் ஆட்டுக்குத் தாடி போன்றவர் என்றார் அண்ணா. அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய கட்சிகளே எதிர்க்கட்சி வரிசைக்கு வந்ததும் மனுவைத் தூக்கிக்கொண்டு கிண்டிக்கு ஓடியிருக்கின்றன. 1976-இல் தி.மு.க. மந்திரிசபை கலைந்தபோது ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். 1980-இல் எம்.ஜி.ஆர். மந்திரிசபை கலைந்தபோது மற்றொரு சாரார் மகிழ்ந்தார்கள். 1991 ஜனவரியில் கவர்னர் பர்னாலா, கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலே மந்திரிசபை கலைக்கப்பட்டது. அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் ராஜிநாமாச் செய்துவிட்டார். நேர்மையான கவர்னர் ஒருவர் வாய்த்தபோது அவருக்குக் கிடைத்த மரியாதை அது. ஆகவே நல்ல மனிதர் வந்தால் சரியாகிவிடும் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

நீதிமன்றமும் முயன்று பார்த்தது. சபை மறுபடி நிறைவேற்றிய பத்து மசோதாக்களை 2023 நவம்பரில் கவர்னர் ஜனாதிபதிக்கு அனுப்பினார். அது செல்லாது என்றும், அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொன்னார்கள், காலக்கெடுவும் வைத்தார்கள். ஜனாதிபதி விளக்கம் கேட்டார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள், 'அரசியல் சட்டத்தில் இல்லாத காலக்கெடுவை நாங்கள் வைக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் முடியாது. காரணமின்றி நீண்ட காலம் சும்மா இருந்தால் மட்டும், முடிவெடுக்கும்படி சொல்லலாம்' என்று அபிப்பிராயம் கூறினார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏட்டில் இல்லாததை நீதிபதி எழுதக் கூடாது என்றால், எழுத வேண்டியவர்கள் பார்லிமெண்டார். 200-ஆம் பிரிவில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: இத்தனை நாளுக்குள் முடிவு. நாளைக்கு யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்று தெரியாத இன்றே அதைச் செய்வது எல்லாருக்கும் க்ஷேமம். செய்தார்களா? 2025 கடைசியில் ராஜ்பவன்களுக்கு 'லோக் பவன்' என்று பெயர் மாற்றச் சொன்னார்கள். லேபிளை மாற்றித் தைத்தால் பனியனில் இருக்கும் ஓட்டை அடைபடாது என்பது எங்கள் ஊரில் கைமடிக்கிற பையனுக்குக்கூடத் தெரியும்.

1932 ஜனவரியில் இதே ஊர் வீதியில், மன்னரின் பிரதிநிதிகள் ஆண்ட நாளில், கையில் கொடியோடு அடிபட்டு விழுந்தான் குமரன். மறுநாள் உயிர் போயிற்று. நம்மை நாமே ஆள வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறென்ன கேட்டான்?

அந்தப் பெண் இப்போதும் செக்கிங் மேஜையில்தான் இருக்கிறாள். ஒரு பீஸ் கையில் வந்தால் பாஸா, ரிஜெக்டா என்று நொடியில் சொல்லிவிடுவாள். சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அவளுக்கு வேலை போய்விடும்.