நூலகமும் முகநூலும்

போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலரிடம் கைபேசி இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் கைக்கு வருவதுதான் அரிதாக இருக்கிறது.

இதே மாவட்டத்தில், இடமலைக்குடிக் காட்டில், பி.வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் தம் டீக்கடையில் 160 புத்தகங்களை வைத்து நூலகம் நடத்தினார். முதுவர் மக்கள் இரவல் வாங்கிப் படித்துத் திருப்பித் தந்தார்கள். 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் இணையத்தில் எழுத, கடல் கடந்தவர்களும் அதை அறிந்தார்கள்.

நூலகங்களின் முகநூல் பக்கங்களிலோ பெரும்பாலும் பண்டிகை வாழ்த்தும் பொன்னாடைப் படமும்தான்! வண்டி வரும் நேரத்தை அறிவிக்காத ஸ்டேஷன் எதற்கு? வாரந்தோறும் புதுப் புத்தகங்களின் அட்டைப் படத்தைப் போடட்டும். திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லட்டும். வேண்டிய நூலை எஸ்டேட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் கேட்க வழி செய்யட்டும். நியூயார்க் பொது நூலகம் 2018இல் முழுக் கதைகளையே இன்ஸ்டாகிராமில் படிக்கக் கொடுத்தது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை வெளியிடக் கூடாது. அது அவரவர் சொந்த விஷயம்.

நம் சங்க அலமாரிப் புத்தகங்களின் பட்டியலை முதலில் போடுவோம். இளைஞர் இருவர் முன்வந்தால், பட்டியல் எழுதித் தர நான் தயார்.