'செத்த காலேஜ்' உயிர் பெறட்டும்!

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னையின் பழைய மக்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "செத்த காலேஜ்" என்பது அந்தப் பெயர். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் "உயிர் காலேஜ்"!

பெயர் வேடிக்கையானதுதான். ஆனால் அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே இருக்கும் பழைய பொருள்கள் உண்மையிலேயே செத்துப் போனவையா?

இல்லை. பார்க்கத் தெரிந்த கண்ணும், படைக்கத் தெரிந்த கையும் வந்து சேர்ந்தால் அவை பேசும்.

பாரீசுக்குப் போன நடராசர்

இதே அருங்காட்சியகத்தில் ஒரு நடராசர் இருக்கிறார். திருவாலங்காட்டில் கிடைத்தவர். சோழர் காலத்துச் சிலை.

அந்தச் சிலையின் புகைப்படங்கள் பாரீஸ் நகரத்துக்குப் போயின. உலகப் புகழ் பெற்ற சிற்பி ரோடின் அவற்றைப் பார்த்தார். மெய்மறந்து போனார். 1913-ம் ஆண்டில் அந்த நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

பழைய சிற்பியின் கையும் புதிய சிற்பியின் கண்ணும் கடல் கடந்து சந்தித்தன!

கொச்சியில் எழுந்த நகரம்

இது பழங்கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2012-ம் ஆண்டில் கொச்சியில் நடந்ததைப் பாருங்கள்.

சேர நாட்டின் முசிறித் துறைமுகத்தைத் தமிழர்கள் அறிவார்கள். யவனர் பொன் கொண்டு வந்து மிளகு வாங்கிப் போன துறைமுகம் அது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. முசிறி இருந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

மண்ணைத் தோண்டத் தோண்ட ஓடுகள் கிடைத்தன. எல்லாம் உடைந்த பானை ஓடுகள். ஆராய்ச்சிக்கு வேண்டியவற்றை அறிஞர்கள் எடுத்துக் கொண்டார்கள். மற்றவை வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டன.

விவான் சுந்தரம் என்ற ஓவியர் அந்த ஒதுக்கப்பட்ட ஓடுகளைக் கேட்டு வாங்கினார். ஆயிரக்கணக்கான ஓடுகளைத் தரையில் பரப்பி, ஒரு நகரத்தையே உருவாக்கினார். மிளகையும் சேர்த்தார். அந்த நகரத்தை வெள்ளம் மூழ்கடிப்பதைப் படமாகவும் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'கருப்புத் தங்கம்'. அவர் 2023-ல் காலமானார்.

பார்க்க வந்தவர்கள் ஓட்டுச் சில்லுகளைப் பார்க்கவில்லை. கடல் கொண்ட ஊரைப் பார்த்தார்கள்!

வடசென்னையின் கல்

கொச்சியில் முடிந்தது சென்னையில் முடியாதா? முடியும். அதற்கு ஏற்ற இடம் வடசென்னைதான்.

எண்ணூரில் கடலோடு கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் படுகையில் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது.

ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் நிலவியல் அறிஞர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானாக உடைந்த கல் அல்ல. ஆதி மனிதன் தட்டித் தட்டிக் கூராக்கிய கோடாரி! அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கற்கருவிகளைக் கண்டார்கள்.

அவை எவ்வளவு பழையவை? சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரின் குழு அங்கே அகழாய்வு செய்தது. 2011-ல் விடை வந்தது. சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

பூட் சேர்த்த கருவிகளை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கியது. அவை இன்றும் அங்கே இருக்கின்றன.

ஆற்றின் மேல்பக்கம் கிடைத்தது ஆதி மனிதனின் கருவி. ஆற்றின் வாயில் கிடப்பதோ அனல் மின் நிலையத்துச் சாம்பல்! 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. வலையும் படகும் கருத்துப் போயின.

நாளைக்கு ஒருவன் எண்ணூரைத் தோண்டினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? சாம்பல் அடுக்குதானா?

கருவிகள் மறைகின்றன

கல்லைத் தட்டிய கைக்கும், காசிமேட்டில் வலை பின்னும் கைக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைக்கும் உறவு உண்டு. எல்லாம் உழைத்த கைகள்.

ஆனால் வடசென்னைக் கைகளின் கருவிகளைச் சேர்த்து வைப்பவர் யார்? கட்டுமரம் போய் இயந்திரப் படகு வந்துவிட்டது. மூட்டை போய்க் கன்டெய்னர் வந்துவிட்டது. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. விம்கோ தீப்பெட்டியின் பெயர் மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது. அங்கே இயந்திரத்தின் அருகே நின்றவர்களின் கதை எங்கே நிற்கிறது?

"ஆறே பாழாகும்போது கலை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆற்றைச் சுத்தம் செய்வது அரசின் கடமை. ஆலைகளின் கடமை. ஓவியத்தால் சாம்பலை அள்ள முடியாது.

ஆனால் கதை தெரியாத ஆற்றைத்தான் வெறும் புறம்போக்கு என்று சொல்லி வளைத்துப் போடுகிறார்கள். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்தில் நின்று 'புறம்போக்கு' பாட்டைப் பாடினார். அதுவரை எண்ணூர்ப் பக்கம் திரும்பாத பலர் திரும்பிப் பார்த்தார்கள். கலைக்கு அந்த வலிமை உண்டு.

"பழம்பொருளைக் கலைஞர் கையில் கொடுத்தால் பாழாகாதா?" என்றும் கேட்கலாம். கொடுக்க வேண்டாமே! பார்க்க விடுங்கள், வரைய விடுங்கள், அச்சு எடுக்க விடுங்கள். அது போதும்.

செய்ய வேண்டியது என்ன?

சென்னைக் கலைப்பள்ளியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்போர். அவரும் டாக்டர்தான். கலைப்பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. இரண்டுக்கும் இடையே நடந்தே போகலாம். அந்த மாணவர்களுக்குக் கற்கருவிகள் இருக்கும் அறையைத் திறந்து விட வேண்டும்.

ராயபுரத்தில் 1856-ல் திறந்த ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கூடம் வேண்டும். அத்திரம்பாக்கத்துக் கற்கள் பத்து அங்கே வரட்டும். அவற்றின் பக்கத்தில் வலை பின்னும் ஊசியும், மூட்டை தூக்கும் கொக்கியும் இருக்கட்டும். இரண்டையும் பார்த்து இன்றைய கலைஞர்கள் படைத்தவையும் இருக்கட்டும்.

ஆனால் முதலில் சேர்க்கும் வேலை நடக்க வேண்டும். அதுவும் இன்றே நடக்க வேண்டும். ஊசியும் கொக்கியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் திரும்பி வராது. அவற்றைப் பிடித்த பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கண் மூடுகிறார்கள்.

திருவொற்றியூர்ப் பிள்ளை ஒருவன் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். "இதைச் செய்தவனும் எங்கள் ஆற்றங்கரைக்காரன்தான், பக்கத்தில் இருப்பது என் தாத்தாவின் கொக்கி" என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லும் பிள்ளை, அந்த ஆற்றில் சாம்பல் விழுவதைச் சும்மா பார்த்துக் கொண்டிருப்பானா?