உளி கிடக்கும் அறையைக் காட்டுங்கள்

ஒரு சிற்பியின் வீட்டை இணையத்தில் காட்டுவதென்றால் முதலில் எதைக் காட்ட வேண்டும்? செய்து முடித்த சிற்பங்களையா, அவை உருவான அறையையா? அறையைத்தான் என்பது என் கருத்து. பார்பரா ஹெப்வேர்த் என்ற ஆங்கிலேயப் பெண் சிற்பியின் வீட்டை வைத்து அதைச் சொல்கிறேன்.

ஹெப்வேர்த் 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரில் பிறந்தவர். 1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கவிருந்த நாட்களில், இலண்டனை விட்டு கோர்ன்வோல் கரையோரத்துக்கு வந்தார். கூடவே ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள். அப்போது அவர்களுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் அவரால் பெரிய கற்களைச் செதுக்க முடியவில்லை. 1949இல்தான் செயின்ட் ஐவ்ஸ் என்ற சிறிய மீன்பிடி ஊரில் ட்ரெவின் ஸ்டூடியோ என்ற இடத்தை வாங்கினார். வீடும், வேலைத்தளமும், தோட்டமும் ஒரே மதிலுக்குள். 1975இல் அதே இடத்தில் ஏற்பட்ட தீயில் இறக்கும்வரை அங்கேதான் வேலை செய்தார். அடுத்த ஆண்டு குடும்பத்தினர் அதை நூதனசாலையாகத் திறந்தார்கள். 1980 முதல் டேட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

உயர்தரத்தில் சித்திரப் பாடம் செய்யும் என் போன்றவர்களுக்குச் சிற்பம் என்பது பெரும்பாலும் போட்டோப்பிரதித் தாளில் தெரியும் ஒரு கறுப்புத் திட்டு. பெயர், ஆண்டு, ஊடகம் மூன்றையும் பாடமாக்குவோம். அந்தத் திட்டுக்குப் பின்னால் ஒரு பெண் தூசிக்குள் நின்றாள் என்பது நோட்ஸில் வராது. ஹெப்வேர்த்தின் கல் செதுக்கும் அறையில் அது வருகிறது. உளிகளும் சுத்தியல்களும் அரங்களும் அங்கே இருக்கின்றன. வேலைக்குப் போடும் மேலங்கிகள் கொழுவியபடியே தொங்குகின்றன. செதுக்கி முடிக்காத சலவைக்கல் துண்டுகள் இருக்கின்றன. டேட்டின் இணையத்தளத்தில் உள்ள படங்களில் முடிந்த சிற்பங்களை நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். இந்த அறையில் நின்றுவிட்டேன். ஒரு கல்லில் எங்கே கைவைப்பது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தின் முன்னால் நிற்கும் ‘தனி வடிவம்’ என்ற வெண்கலச் சிற்பம் இவருடையது. 1961இல் விமான விபத்தில் இறந்த செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட்டின் நினைவாக 1964இல் நிறுவப்பட்டது. உயரம் ஆறு மீற்றருக்கும் மேல். அதற்கான வேலை ட்ரெவின் ஸ்டூடியோவில் நடக்கவில்லை, அங்கே இடம் போதாது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய நடன மண்டபத்தை ஹெப்வேர்த் 1961இல் வாங்கி அதற்குள் செய்தார். உலகத் தலைவர்கள் கடந்து போகும் அந்தச் சிற்பம் ஒரு சின்ன ஊரின் நடன மண்டபத்துக்குள் வளர்ந்தது. நியூயோர்க் சிற்பத்தின் படத்தை எவரும் தேடி எடுக்கலாம். அந்த மண்டபத்தைப் பார்த்தால்தான் வேலையின் அளவு புரியும்.

“சிற்பத்தைத் திரையில் பார்ப்பது சாப்பாட்டைப் படத்தில் பார்ப்பது மாதிரி” என்று என் வகுப்புத் தோழி சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஹெப்வேர்த்தின் சிற்பங்களில் துளைகள் இருக்கும். சிலவற்றில் துளைக்குக் குறுக்கே நரம்புபோல் நூல் கட்டியிருக்கும். சுற்றி நடந்தால்தான் துளைக்குள் மரமும் வானமும் மாறி மாறி வரும். தோட்டத்தில் 1966இல் செய்த ஒரு பெரிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. நான்கு சதுரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் வட்டத் துளை. ஆள் அதன் நடுவால் நடந்து போகலாம். இதை ஒரு படத்தில் அடக்க முடியாதுதான். ஆனால் கமெராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அதன் ஊடாக மெதுவாக நடக்கலாமே? ஹெப்வேர்த்தே கமெராவை ஒதுக்கியவர் அல்லர். தன் சிற்பங்கள் எப்படிப் படமாக வேண்டும் என்பதில் மிகுந்த கவனம் எடுத்தார், தானும் படம் பிடித்தார். 1953இல் அவரைப் பற்றி ஒரு திரைப்படமும் வந்தது. அந்தத் தோழியும் நானும் செயின்ட் ஐவ்ஸ் போக விசாவும் விமானச் சீட்டும் எப்போது கிடைக்கும் என்பதையும் அவள் யோசிக்க வேண்டும்.

எனக்குத் தயக்கம் வருவது வேறொரு இடத்தில். அது ஒரு வீடும்கூட. தோட்டத்தின் சின்ன வெள்ளை அறையில் அவர் ஓய்வெடுத்த கட்டில் கிடக்கிறது. நம் வீடுகளில் வருகிறவர் எவரானாலும் முன்மண்டபம்வரைதான். உள்ளறைக்கு உம்மாவின் சம்மதம் வேண்டும். இறந்துபோன ஒரு பெண்ணின் கட்டிலை உலகம் முழுவதும் பெரிதாக்கிப் பார்ப்பது சரியா? இந்த வீட்டைப் பொறுத்தவரை, அதை நூதனசாலையாக்க வேண்டும் என்ற விருப்பத்தை ஹெப்வேர்த்தே தன் உயிலில் எழுதி வைத்திருந்தார். அதனால் என் தயக்கம் பாதி குறைகிறது. மீதிப் பாதிக்காகச் சொல்கிறேன்: கட்டிலருகே கமெரா அதிக நேரம் நிற்க வேண்டாம். அந்த நேரத்தை வேலை மேசைக்குக் கொடுங்கள். ஆனால் தீயை மறைக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் தோட்டத்தின் பூக்களை மட்டும் காட்டினால் அது விளம்பரமாகிவிடும்.

சிலை பார்ப்பதா என்று முகம் சுளிக்கும் மூத்தவர்களும் இதை வாசிப்பார்கள். எங்கள் வீட்டிலும் உருவச்சிலை வைப்பதில்லை. ஹெப்வேர்த் பிற்காலத்தில் செய்தவற்றில் கூடுதலானவை ஆளின் உருவங்கள் அல்ல. அலை அரித்த கல்லையும் சிப்பியையும் குகையையும் நினைவூட்டும் வடிவங்கள். உம்மம்மாவுக்கு ஒன்றைக் காட்டினேன். “ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கே, இதுக்கா இவ்வளவு கதை?” என்றார். ஹெப்வேர்த்துக்கு அந்த ஒப்பீடு பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இணையத்தில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. வாப்பா போடும் ரீலோட்டில்தான் நான் பார்க்கிறேன். கனமான காணொளி ஒன்று பாதியில் நின்றால் அன்றைய டேட்டா போனதுதான். விளக்கம் ஆங்கிலத்தில் வேகமாகப் போகிறது. கீழே எழுத்தில் இருந்தால் நிறுத்தி நிறுத்தி அகராதி பார்த்து வாசிக்கலாம். குறைந்த டேட்டாவில் திறக்கும் படங்கள், எழுத்தில் விளக்கம், தரவிறக்கி வைக்க அனுமதி: இவை செலவான காரியங்கள் அல்ல.

ஒரு சிற்பியின் வீட்டைப் படம் பிடிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தால், கல் செதுக்கும் அறைக்கு முன்னால் கமெராவை ஒரே இடத்தில் வைத்துவிடுவேன். பின்னணி இசை வேண்டாம், கடற்பறவைகளின் சத்தம் போதும். காலை வெளிச்சம் அந்த முடியாத கல்லில் எங்கே விழுகிறது, பகலில் எங்கே போகிறது, மாலையில் எந்தப் பக்கம் இருட்டாகிறது என்று ஒரு முழு நாளையும் எடுத்து, பத்து நிமிடமாகச் சுருக்கித் தருவேன்.