பழைய கைக்கடிகாரமும் தேய்ந்த உறுப்புகளும்



ஆலங்குடியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற தகப்பனாரின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் அவரிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் அரை நாள் ஓடி நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் காட்டினால், “உள்ளே தேய்ந்துவிட்டது அம்மா, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறாராம். பிள்ளைகளும் அதையே சொல்லுகிறார்களாம். எது தேய்ந்தது, அதைச் சரிசெய்ய இயலுமா என்பது அவருடைய கேள்வி. நம் இல்லங்கள் பலவற்றில் பெட்டியின் அடியில் இத்தகைய கடிகாரம் ஒன்று கிடக்கிறது. ஆகவே இம்மாதம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

அரசு நிறுவனமாகிய எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியாரின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961-ஆம் ஆண்டில். ஜனதா, பைலட், சோனா என்னும் பெயர்கள் அக்காலத்துக் குடும்பங்களுக்கு நன்கு தெரியும். மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டார் அணிவித்த கடிகாரமும், பணி ஓய்வு நாளில் ஆசிரியருக்குக் கிடைத்த கடிகாரமும் பெரும்பாலும் இவையே. இதற்கிடையில் 1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று டோக்கியோவில் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை நம் ஊர்களுக்கெல்லாம் அனுப்பியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் மெல்லச் சாய்ந்தது. 2016-இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதனால்தான் இன்று உதிரி உறுப்பு கிடைப்பது அரிதாயிற்று. ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்து, அதிலுள்ள நல்ல உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்துவதே இப்போது பெருவழக்கு.

இனித் தேய்மானத்துக்கு வருவோம். ஜனதாவின் பாலன்ஸ் சக்கரம் நொடிக்கு 5 முறை துடிக்கிறது. நாள் ஒன்றுக்கு 4,32,000 துடிப்பு; ஓர் ஆண்டுக்கு 15 கோடிக்கு மேல். அச்சக்கரத்தைத் தாங்கும் எஃகு அச்சின் முனை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. இத்தனை ஓட்டத்தையும் அம்முனை தாங்குவதற்குக் காரணம், அது சுழலுவது செம்மணிக் கல்லின் குழியில் என்பதுதான். ‘17 ஜுவல்ஸ்’ என்று டயலில் எழுதியிருப்பது அக்கற்களையே. பாலன்ஸ் சக்கரத்துக்கு 5, அதை உந்தும் கவைக்கு 4, அடுத்தடுத்த சக்கரங்களுக்கு இரண்டிரண்டு என்று போகும் வழக்கமான கணக்கு அது. (அக்கற்களை விற்றால் பணம் கிடைக்கும் என்று நம்புவோர் இன்னும் உண்டு. 1902-இல் வெர்நேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் செயற்கைச் செம்மணி செய்யும் முறையை வெளியிட்ட பின்னர், கடிகாரக் கல்லுக்கு நகைக்கடையில் மதிப்பில்லை.)

கல் இருக்கும் இடத்தில் தேய்மானம் குறைவு. கல் இல்லாத இடத்தில்தான் தொல்லை. மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பேரல் பெட்டியின் அச்சு, பித்தளைத் தகட்டில் போட்ட வெறும் துளையிலேயே பெரும்பாலும் சுழலுகிறது. கடிகாரத்தின் முழு விசையும் அங்கேதான். வில் எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளுவதால், வட்டமான துளை நாளடைவில் முட்டை வடிவாகிறது, பேரல் சாய்கிறது, பற்கள் சரியாகக் கவ்வுவதில்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதியில் செம்மண் தோட்டத்தில் உழைத்தவரின் கடிகாரமானால் புழுதியும் வியர்வையும் சாவிக் குமிழின் வழியே உள்ளே இறங்கியிருக்கும். எண்ணெயோடு புழுதி கலந்தால் அது அரைக்கும் சாந்தாகிவிடுகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. மெதுவான பித்தளையைவிடக் கடினமான எஃகுதான் சில இடங்களில் விரைவாகத் தேயும். மணல் துகள் பித்தளையில் பதிந்துகொண்டு, சுழலும் எஃகை அரத்தைப்போல் அராவுகிறது.

ஆயினும் அரை நாளில் நிற்கும் கடிகாரம் எல்லாம் தேய்ந்த கடிகாரம் அன்று. பழைய எண்ணெய் பசையாக உறைந்திருக்கலாம். மெயின் ஸ்பிரிங் முறுக்கு இழந்து தளர்ந்திருக்கலாம். நல்ல நிலையில் உள்ள ஜனதா, முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓட வேண்டும். எனவே முழுவதும் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, புது வில் மாற்றிப் பார்ப்பதற்கு முன்னர், ‘தேய்ந்துவிட்டது’ என்ற தீர்ப்பை ஏற்கவேண்டாம் என்பதே நம் எண்ணம். பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு பெட்ரோல் விடுவது கழுவுதல் ஆகாது. அழுக்கை இடம் மாற்றுவதே அது.

உண்மையாகவே துளை தேய்ந்திருந்தால் இரு வழிகள் உள்ளன. நேர்மையான வழி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதில் புதிய பித்தளைப் புஷ் ஒன்றை இறுக்கி, பழைய நடுப்புள்ளியிலேயே மீண்டும் துளையிடுவது. பொறுமையும் லேத்தும் வேண்டும். மற்றொன்று குறுக்கு வழி: துளையைச் சுற்றிக் கூரிய உளியால் குத்தி, பித்தளையை உள்நோக்கி நெருக்குவது. சில மாதம் ஓடும்; பின்னர் முன்னிலும் கேடாகும். துளையைச் சுற்றிச் சிறு குத்துப் புள்ளிகள் வட்டமாகத் தெரிந்தால், முன்பே எவரோ அவ்வாறு செய்துவிட்டார் என்று அறியலாம்.

சாவிக் குமிழும் அதன் தண்டும் தேய்வது மிகச் சாதாரணம். அவற்றை மாற்றுவது எளிது. பாலன்ஸ் அச்சு முறிந்தால் செலவு கூடும். டயலில் ‘பாராஷாக்’ என்று காண்பது, அதிர்ச்சி தாங்கும் வில்லமைப்பு அச்சு முனைக்கு உண்டு என்பதற்கு அடையாளம். அது சிமெண்டுத் தரையில் விழுவதற்கெல்லாம் காப்புறுதி அன்று. கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் தேய்மானத்தை நினைக்கவேண்டாம். ஒலிபெருக்கியின் அருகே வைத்து, ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறியிருக்கலாம். சிறு கருவியால் ஒரு நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள்.

சகோதரிக்கு நாம் சொல்லுவது இது: செலவுக் கணக்கு மட்டும் பார்த்தால் பிள்ளைகள் சொல்லுவதே சரி, பழுதுக்கூலி கடிகாரத்தின் சந்தை விலையைத் தாண்டக்கூடும். தகப்பனார் கையில் கட்டியிருந்தது என்பது எந்தக் கணக்கிலும் சேராது. செய்வதென்று முடிவெடுத்தால், கூலியை முன்னரே பேசுங்கள். மாற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுக்குமுன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயலைப் புதிதாக வண்ணம் பூசித் தருவதாகச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பல வண்ணம் தீட்டிய டயல்களோடு ‘புத்தம் புதிய எச்.எம்.டி.’ என்று சந்தையில் திரிபவை பல, இவ்விதம் பழையவற்றைக் கலந்து கட்டியவையே. மங்கிய டயல் மங்கியபடியே இருக்கட்டும்.

ஓடத் தொடங்கிய பின், நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். குளிக்கும்போது கழற்றி வையுங்கள்.