வரைந்த பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும்: அறிவியல் போஸ்டர் போட்டிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளோடு சனி, ஞாயிறுகளில் அறிவியல் பேசும் சிறிய மன்றம் எங்களுடையது. ஆசிரியர்கள், பெற்றோர், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், சில ஆய்வு மாணவர்கள் இதில் இருக்கிறோம். தேசிய அறிவியல் தினம் நெருங்கும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் போஸ்டர் போட்டிக்கு நடுவர் வேண்டும் என்று எங்களைக் கூப்பிடுகின்றன. இனி எந்தப் போட்டிக்கு வருவோம், எதற்கு வரமாட்டோம் என்பதைப் பொதுவில் சொல்லிவிடுவதுதான் முறை.

போஸ்டரை வரைந்த பிள்ளை அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவர் அந்தப் பிள்ளையோடு குறைந்தது 5 நிமிடம் பேச வேண்டும். இந்த இரண்டும் இல்லாத போட்டியில் நாங்கள் மதிப்பெண் போட மாட்டோம். சுவரில் வரிசையாக ஒட்டிய சார்ட்டுகளைப் பார்த்தபடி நடந்து போய், கடைசியில் மூன்று பெயரை எழுதிக் கொடுக்கும் வேலையை நாங்களும் பல ஆண்டுகள் செய்திருக்கிறோம். அதை இத்தோடு விடுகிறோம்.

இந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தது ஒரு பையனின் அரை சார்ட். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே நடத்திய போட்டி அது. முதல் பரிசு சூரியக் குடும்பம் பற்றிய ஒரு போஸ்டருக்குப் போனது. பளபளப்பான கலர் பிரிண்ட், வெட்டி ஒட்டிய எழுத்துகள், ஓரமெல்லாம் ஜிகினா. மேடையில் பரிசு கொடுத்தவர் சனிக்கோளின் வளையம் எதனால் ஆனது என்று அன்பாகத்தான் கேட்டார். பரிசு வாங்கிய பெண் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்களில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு அவளுடையது இல்லை, அம்மாவுடையதும் இல்லை. போட்டியை அப்படி அமைத்தவர்கள் நாங்கள்.

விழா முடிந்து சார்ட்டுகளைக் கழற்றி அடுக்கும்போதுதான் அந்த அரை சார்ட் கையில் வந்தது. பென்சிலில் ஒரு குளத்தின் படிக்கட்டு. வண்ணம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு தேதி. மந்தைவெளியில் இருந்து வந்த ஆறாம் வகுப்புப் பையன் அவன். பாட்டி ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் கபாலீசுவரர் கோயிலுக்குப் போகும்போது கூடப் போய், தெப்பக்குளத்தில் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று வேலிக்கு வெளியே நின்று எண்ணியிருக்கிறான். ஐப்பசியில் தொடங்கி, தைப்பூசத் தெப்பம் வரைக்கும். ஒரு தேதிக்கு நேராக, "நல்ல மழை. ஆனா ஒரு படிகூட மறையல. ஏன்?" என்று எழுதியிருந்தான். அந்த 'ஏன்' கீழே இரண்டு கோடு.

அன்று வந்த போஸ்டர்களில் அறிவியல் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான். அவனுக்கு நாங்கள் ஆறுதல் பரிசுகூடக் கொடுக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்தக் கேள்வியை அவனோடு உட்கார்ந்து பேசியிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கலாம்! காய்ந்து கிடந்த மண் முதல் மழையைக் குடித்துவிடுவது, சுற்றியுள்ள தெருக்களின் மழைநீர் குளத்துக்கு வருகிறதா வடிகாலுக்குப் போகிறதா என்பது, குளத்தின் மட்டத்துக்கும் மாட வீதிக் கிணறுகளின் மட்டத்துக்கும் உள்ள உறவு. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், பதினோரு வயதுப் பையன் ஒருவன் தானாகவே அந்தக் கேள்வியின் வாசலில் வந்து நின்றிருக்கிறான். நாங்கள் அவனைத் தாண்டி நடந்து போயிருக்கிறோம்.

அறிவியல் உலகில் போஸ்டர் என்ற சொல்லுக்கே ஒரு பொருள் உண்டு. மாநாடுகளில் ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை ஒரு தாளில் போட்டு மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நிற்பார்கள். வருகிறவர்கள் கேட்பார்கள், மறுப்பார்கள், இவர்கள் விளக்குவார்கள். 1960களின் இறுதியில் ஐரோப்பிய உயிர்வேதியியல் மாநாடுகளில் தொடங்கிய இந்த வழக்கம் பின்னர் எங்கும் பரவியது. தாள் என்பது பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். நம் பள்ளிகளுக்கு வந்து சேரும்போது தாள் மட்டும் வந்தது, பக்கத்தில் நிற்கும் ஆள் வரவில்லை.

எதிரில் ஆளை வைத்துக்கொண்டு அறிவியல் பேசுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தரமணியில் இன்று இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டது. அதற்கு விதை விழுந்த இடம் மயிலாப்பூர் லஸ் பகுதியில் அல்லாடி ராமகிருஷ்ணனின் வீடான ஏகாம்ர நிவாஸ். அங்கே அவர் தம் மாணவர்களை வைத்து நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கூட்டங்களுக்கு வெளிநாட்டு அறிவியலாளர்கள் வந்து பேசினார்கள். 1960-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்த இளைஞர்களைப் பார்த்தார். கேள்வி கேட்கத் தயங்காத இருபது வயதுப் பிள்ளைகளைச் சுற்றித்தான் ஒரு நிறுவனமே எழுந்தது.

ஓவியப் போட்டிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2005 முதல் பள்ளி மாணவர்களுக்கு ஆற்றல் சேமிப்பு ஓவியப் போட்டி நடத்துகிறது. அதற்கு ஓவியப் போட்டி என்றுதான் பெயர், கை வண்ணத்தைப் பார்த்துப் பரிசு கொடுப்பதில் பிழை இல்லை. அறிவியல் என்று பெயர் வைத்துவிட்டு அழகுக்கு மதிப்பெண் போடும்போதுதான் பிள்ளைக்குத் தப்பான பாடம் போகிறது. தனக்குத் தோன்றிய கேள்வியைவிடக் கடையில் வாங்கிய படம் உயர்ந்தது என்று ஒன்பது வயதிலேயே அது புரிந்துகொள்கிறது.

வீட்டில் செய்து எடுத்துவரலாமா, பிரிண்ட் ஒட்டலாமா, ஏஐ வரைந்த படத்தை வைக்கலாமா என்று எல்லாரும் எங்களைக் கேட்கிறார்கள். எங்கள் பதில் பலருக்கு வியப்பாக இருக்கும்: நாங்கள் எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. யார் கை வைத்தார்கள் என்று துப்புத் துலக்குவதும், பிள்ளையைக் கூட்டத்தின் நடுவில் கூனிக்குறுக வைப்பதும் எங்களுக்கு வேண்டாம். படத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது என்றால் பிரிண்ட் கடைக்கு ஓட வேண்டிய தேவை தானாகவே போய்விடும். ஏஐ வரைந்த ஆமைப் படத்தை ஒட்டிவிட்டு, "துடுப்பு தப்பா இருக்கு, நான் பாத்தது இப்படி இல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் முழு மதிப்பெண் போடுவோம்.

ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊரே சுற்றி நிற்க, தரையில் குனிந்து புள்ளி வைத்து இழுக்கிறார்கள். ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவிட்டு யாரும் பரிசு கேட்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு விதி எழுதவும் தேவைப்படவில்லை.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "விண்வெளியில் இந்தியா", "பூமியைக் காப்போம்" என்று மேலிருந்து கொடுக்கும் தலைப்புகளுக்குப் பிள்ளைகள் இணையத்தில் இருந்துதான் பதில் எடுக்க முடியும். நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றி வரையச் சொல்லுங்கள். தி.நகரில் மழைக்குத் தண்ணீர் தேங்காத தெருவில் வளர்ந்த பிள்ளை எத்தனை பேர்? அந்த நகரே 1920களில் லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்னமும் பலகை இருக்கிறது, ஏரிதான் இல்லை. எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறுகிறது, எங்கே கடைசியாக வடிகிறது, மாம்பலம் கால்வாய்க்கு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரே ஒரு மழை நாளில் அளந்தால் போதும். பழைய ஏரியின் கரை அந்தப் பிள்ளையின் சார்ட்டிலேயே தெரியத் தொடங்கலாம். தெரியாமலும் போகலாம், அதையும் எழுதட்டும்.

அடையாறில் பிரம்மஞான சபையின் ஆலமரம் இருக்கிறது. அதன் தாய்த் தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது, மரம் மட்டும் நிற்கிறது. தண்டு போன பிறகு தண்ணீர் எந்த வழியாக மேலே ஏறுகிறது? பெசன்ட் நகர்க் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். வெளியே வந்த குஞ்சு வெளிச்சமான பக்கம் ஓடும். கடல் பக்கம்தான் வெளிச்சம் என்பது அதன் கணக்கு, தெருவிளக்கு அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. தன் வீட்டு மொட்டை மாடி விளக்கு கடற்கரையில் இருந்து தெரிகிறதா என்று போய்ப் பார்த்துவரும் பிள்ளைக்கு வேறு தலைப்பு எதற்கு? வாசல் கோலமே போதும் என்றாலும் சரி. புள்ளிக் கோலங்களை விதிகளாக எழுதி, 1970களில் கணினி இலக்கண ஆய்வுக்குள் கொண்டுபோனவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி.

தமிழில் பேசினால் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. ஆங்கிலத்தில் பேசினால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. இது நாங்கள் கண்டுபிடித்த வழியும் இல்லை. 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து, ஆய்ந்து, தங்கள் மொழியிலேயே நடுவர்கள் முன் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்திருக்கிறது. அங்கே செல்லுபடியாகும் முறை ஒரு தெருப் போஸ்டர் போட்டிக்கும் செல்லும்.

நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிக்கும் நாங்கள் வரமாட்டோம். சார்ட்டும் பென்சிலும் நடத்துகிறவர்கள் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு. மாநகராட்சியின் சென்னைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பெரிய சிபிஎஸ்இ பள்ளிப் பிள்ளையும் ஒரே தாளில் வரைந்துவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போதுதான் இது போட்டி. எட்டாம் வகுப்பு வரை முதல், இரண்டு, மூன்று என்ற வரிசையே வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. இதில் எங்களுக்குள்ளேயே முழு உடன்பாடு இல்லை. பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்கிற நண்பர்கள் மன்றத்தில் இருக்கிறார்கள். அதனால் இதை நிபந்தனையாக வைக்காமல் வேண்டுகோளாக வைக்கிறோம்.

200 பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்பது எல்லாப் பள்ளிகளும் கேட்கும் கேள்வி. ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 1,000 நிமிடம். 10 நடுவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 100 நிமிடம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பத்துப் பேருக்கு எங்கே போவது? தரமணியிலும் கிண்டியிலும் அடையாறிலும் ஆய்வு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நடுவராக ஆராய்ச்சியாளர்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஆமை பற்றிய போஸ்டருக்கு ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவரைவிட நல்ல நடுவர் கிடைப்பாரா? தண்ணீர் பற்றியதற்குக் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரைக் கூப்பிடுங்கள்.

பேசக் கூச்சப்படும் பிள்ளைகளை நினைத்துத்தான் நாங்கள் அதிக நேரம் விவாதித்தோம். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர்கள் மட்டும் ஜெயிக்கும் இன்னொரு மேடை ஆகிவிடக் கூடாது. கூட ஒரு நண்பனை வைத்துக்கொண்டு பேசலாம், எழுதிக் காட்டலாம், சைகையில் சொல்லலாம், தன் நோட்டைப் புரட்டிக் காட்டலாம். மேடை, மைக், கைதட்டல் எதுவும் கிடையாது. பெற்றோர் அறைக்கு வெளியே இருப்பார்கள். நடுவர் நின்றபடி குனிந்து கேட்காமல், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையிடமும் ஒன்று கேட்கிறோம். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையுள்ள அரசுப் பள்ளி வகுப்புகளுக்குக் கை வைத்துச் செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுபோனது. அதில் பிள்ளைகளுக்கு எழும் கேள்விகளே போஸ்டர்களாகட்டும். வெளியில் இருந்து ஒரு தலைப்பைக் கொண்டுவந்து அவர்கள் தலையில் வைக்க வேண்டாம்.

வரும் பிப்ரவரி 28 அன்று நாங்கள் நடத்தும் போட்டியில் நடுவர் கேட்கும் முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "இதை எங்கே பார்த்தே?" அதன் பிறகு பேச்சு எங்கே போகிறதோ போகட்டும். கடைசி ஒரு நிமிடம் பிள்ளையின் முறை. நடுவரிடம் அது ஒரு கேள்வி கேட்கலாம். பதில் தெரியவில்லை என்றால் அந்தக் கேள்வியை நடுவர் போஸ்டரின் அடியில் தன் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தேடி, அந்தப் பிள்ளையின் பள்ளிக்கே போய்ப் பதில் சொல்ல வேண்டும்.